எம்.எஸ்.சி. மகள்

சிவகௌரிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஆண்டுக்கணக்காக நின்றபடியே படுக்கை விரிப்புகளை மடித்த கால்கள், ஓய்வு பெற்ற பின்னும் நிற்கவே விரும்பின. இலண்டன் கிங்ஸ்பரியில் உள்ள தம் வீட்டின் முன்னறையில் யன்னல் சீலையை விலக்கித் தெருவைப் பார்ப்பார். அடுக்களைக்குள் சென்று கேத்திலைக் கொதிக்க வைப்பார். தேநீர் ஊற்றாமலே யன்னலுக்குத் திரும்பிவிடுவார். 1991ஆம் ஆண்டு மே மாதத்தில் ஊர்ச் சங்கத்தின் அழைப்பிதழ் வந்த பின்னர் இந்த நடை இருமடங்காயிற்று.

வரும் சனிக்கிழமை நடைபெறும் ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அழைப்பிதழில் அதற்கான காரணமும் அச்சாகியிருந்தது: 'எம்.எஸ்சி. பட்டம் பெற்ற நம் ஊரின் முதல் விஞ்ஞான முதுமாணி, அமரர் அம்பலவாணர் அவர்களின் புதல்வி.'

அம்பலவாணர் புறக்டராக, நீதிமன்றச் சட்டத்தரணியாக இருந்தவர். விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு, அவர் அணிந்திருந்த மூக்குக் கண்ணாடிதான். சிவகௌரி உடனே சங்கத் தலைவர் பத்மநாதனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, ஐயா எம்.எஸ்சி. இல்லை."

"என்னக்கா சொல்லுறியள்? ஊர் முழுக்க எம்.எஸ்.சி. வீடு எண்டுதானே சொல்லுறது. சின்னனில உங்கட வளவுக்குள்ள மாங்காய் பிடுங்கேக்க, 'எம்.எஸ்.சி. வாறார், ஓடு' எண்டுதான் நாங்கள் ஓடினனாங்கள்."

"அது வேற எம்.எஸ்.சி. தம்பி. ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி வைக்கோணும். மெம்பர் ஒஃப் த ஸ்டேட் கவுன்சில். முப்பத்தொண்டாம் ஆண்டுக் கதை."

சொல்ல வேண்டிய அடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

பத்மநாதன் மகிழ்ச்சியில் கூவினார். "அரசாங்க சபையோ! வெள்ளைக்காரன்ர காலத்துச் சபையில எங்கட ஊர் ஆள்! இவ்வளவு நாளும் ஏனக்கா வாய் திறக்கேல்லை? நான் மேடையில திருத்திச் சொல்லுறன். பொன்னாடையும் பெரிசா எடுக்கிறன்."

தொலைபேசியை வைத்த பின்னர் சிவகௌரி முன்னறைக்கும் அடுக்களைக்குமாக நடக்கத் தொடங்கினார். ஒரு புள்ளியைத் திருத்தப் போய், பெரிய பொய்யொன்றை மேடையேற்றிவிட்டார். அவருடைய தந்தை எந்தச் சபையிலும் உறுப்பினராக இருந்ததில்லை.

நடந்தது இதுதான். 1931இல் வெள்ளையர் இலங்கையில் புதிய அரசாங்க சபையை அமைத்தார்கள். வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது அப்போதுதான். அம்பலவாணர் தேர்தலில் நிற்க முடிவு செய்தார். வெற்றி உறுதி என்று நண்பர்கள் சொன்னதை நம்பி, பெயருக்குப் பின்னால் எம்.எஸ்.சி. என்று எழுதிய பலகையொன்றையும் முன்கூட்டியே செய்வித்து வைத்தார். அதற்குள், முழுச் சுயாட்சி தராத சபை நமக்கு வேண்டாம் என்று வாலிபர்கள் பகிஷ்கரிப்பு அறிவித்தார்கள். அவர்களுடைய கூட்டமொன்றுக்குப் போன அம்பலவாணர் மனம் மாறித் திரும்பினார். வேட்புமனுக் கொடுக்கும் நாளன்று, எழுதி முடித்த மனுவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முற்றத்தில் மாலைவரை நடந்தார், மனுவை ஏற்கும் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்துத் தொகுதிகள் நான்கிலும் ஒருவர்கூட நிற்கவில்லை. கொழும்புச் சபையில் அந்த நான்கு ஆசனங்களும் மூன்று ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தன.

ஊர் அவரைப் பாராட்டியது. வீட்டில் பாராட்டு இல்லை. அவருடைய மனைவி அருள்நாயகி, முதன்முதலாக வாக்களிக்கப் போகிறோம் என்று சேலை எடுத்து, அயல் பெண்களையும் சேர்த்து, மாட்டுவண்டியும் பேசி வைத்திருந்தார். வேட்பாளரே இல்லாத இடத்தில் வாக்குப்பெட்டி ஏது? வீணாய்ப் போன பலகையை நெல்லுப் பெட்டிக்கு மூடியாக்கினார். கணவரை அன்றுமுதல் அழைத்ததும் அந்தப் பலகையில் இருந்த எழுத்துகளாலேயே.

"எம்.எஸ்.சி. ஐயா, விறகு கொத்தித் தாறியளோ? சபைக்கு நேரமாச்சுதோ?"

வேலிக்கு அப்பால் கேட்டவர்களுக்கு ஏளனம் புரியவில்லை. பெயர் மட்டும் பிடித்துக்கொண்டது. ஏளனத்தை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைய, பெயர் பட்டமாயிற்று. அம்பலவாணர் அதை ஒருபோதும் சொல்லித் திரிந்ததில்லை. யாராவது அப்படி அழைத்தால் தலையைக் குனிந்துகொள்வார். அதையும் பணிவு என்றே ஊர் எடுத்துக்கொண்டது. சிவகௌரிக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களும் 'எம்.எஸ்.சி. மகள்' என்று கேட்டே வந்தார்கள். வீட்டில் ஒருவரும் மறுக்கவில்லை. கணவருடன் இலண்டனுக்கு வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது. சலவைப் பகுதியில் அவர் எத்தனையோ பேரில் ஒருத்தி. ஊர்ச் சங்கத்திலோ முன்வரிசையில் அவருக்கென்று ஒரு கதிரை. கணவர் இறந்து, மகள் மணமாகித் தோர்ண்டன் ஹீத்துக்குப் போன பிறகு, அந்தக் கதிரை ஒன்றுதான் மிச்சம்.

வியாழக்கிழமை இம்மாகுலேற் வந்தார். சலவைப் பகுதியில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடித்த தோழி. யாழ்ப்பாணத்துக் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவர்.

"இரும் சிவகௌரி. உம்மைப் பார்க்க எனக்குத் தலை சுத்துது."

"இருக்க ஏலாமல் கிடக்கு."

"பொன்னாடை கிடைக்கப் போகுதெண்டால் எனக்கும் இருக்க ஏலாதுதான். பத்மநாதன் வெம்பிளி முழுக்கச் சொல்லித் திரியிறார், முப்பத்தொண்டாம் ஆண்டு மெம்பர் எண்டு." இம்மாகுலேற் விசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்தார். "ஆனால் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். அந்த முறை எங்கட பக்கம் ஒருத்தருமே நிக்கேல்லை எல்லே? உம்மட ஐயா எந்தக் கதிரையில இருந்தவர்?"

சிவகௌரி நடையை நிறுத்தினார். "உமக்கு ஆர் சொன்னது?"

"அம்மா சாகுமட்டும் சொன்னவ. வோட்டுப் போடவெண்டு சட்டை தைச்சு, பூசைக்குப் போற மாதிரி வெளிக்கிட இருந்தவவாம். 'ஆம்பிளையள் வெள்ளைக்காரனோட கோவிச்சுக்கொண்டு என்ர வோட்டைக் கொண்டுபோய்க் கடலில போட்டிட்டாங்கள்' எண்டு பேசுவா."

சிவகௌரிக்குத் தம் தாயின் குரலே வேறொரு வீட்டிலிருந்து கேட்பது போலிருந்தது. ஐயாவின் பட்டம் போய்விடுமே என்றுதான் இத்தனை நாளும் அஞ்சியிருந்தார். அந்தப் பட்டத்தைச் சூட்டியவள் ஒருத்தி இருந்தாள் என்பதும், என்ன கோபத்தில் சூட்டினாள் என்பதும் அவர் நினைவுக்கே வராமல் போயிருந்தன.

"அப்ப என்ன செய்யப் போறீர்?" என்று இம்மாகுலேற் கேட்டார்.

"தெரியேல்லை."

"சும்மா வாங்கிக்கொண்டு வாரும். ஒருத்தருக்கும் தெரியாது. நான் வாய் திறக்கமாட்டன்."

அந்தச் சலுகை சிவகௌரியை இன்னும் வேகமாக நடக்க வைத்தது.

சனிக்கிழமை பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. பத்மநாதன் ஒலிவாங்கியில் முழங்கினார்: "ஏகாதிபத்தியத்தின் சபையிலே எங்கள் குரலாய் ஒலித்த சிங்கம்!" கைதட்டல் எழுந்தது. சரிகைக் கரையிட்ட பொன்னாடையை விரித்தபடி அவர் நெருங்க, சிவகௌரி கையை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. ரெண்டு வசனம் பேசிப்போட்டு வாறன்."

ஒலிவாங்கியின் முன் அவருடைய கால்கள் இடம் மாறி மாறி நின்றன.

"என்ர ஐயா எம்.எஸ்சி.யும் இல்லை, மெம்பரும் இல்லை. நிக்கவெண்டு வெளிக்கிட்டு, நாட்டுக்காக நிக்காமல் விட்ட மனிசன். சபையில அவற்ற குரல் ஒரு நாளும் கேக்கேல்லை. வெறும் கதிரைதான் பேசினது. அது பெரிய காரியம் எண்டு ஐயா நினைச்சார். அம்மா அப்பிடி நினைக்கேல்லை. எங்கட அம்மாமாருக்கு முதன்முதலாக் கிடைச்ச வோட்டு அதோட போச்சுது. அம்மா கோவத்தில வைச்ச பட்டப் பேர்தான் எம்.எஸ்.சி. இவ்வளவு காலமும் நான் அதைச் சொல்லேல்லை. இப்ப சொல்லிப்போட்டன்."

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தார்; இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் எவரும் சிரிக்கவில்லை. பத்மநாதன் விரித்த பொன்னாடையைப் போர்த்துவதா, மடிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"என்னக்கா, என்னை இப்பிடி மாட்டிவிட்டிட்டியள்!" என்று ஒலிவாங்கிக்குக் கேட்காமல் முணுமுணுத்தார்.

"இப்பிடித் தாங்கோ." சிவகௌரி பொன்னாடையின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை அவர் கையில் வைத்தே, சலவைப் பகுதியில் மடிப்பது போல மூலைக்கு மூலை பொருத்தி மடித்து மேசையில் வைத்தார்.

மேடையிலிருந்து இறங்கியபோது முன்வரிசையில் அவருடைய கதிரையில் யாரோ ஒருவரின் மேலங்கி கிடந்தது. அதை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அவர் அதைத் தாண்டி நடந்தார். கதவருகே கடைசி வரிசையில் இம்மாகுலேற் தம் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையைத் தட்டினார்.

"வாரும், எம்.எஸ்.சி. மகள். ஒரு ஆசனம் வெறுமையாக் கிடக்கு. உதையும் பகிஷ்கரிக்கப் போறீரோ?"

சிவகௌரி அதில் உட்கார்ந்தார். கால்கள் மட்டும் இன்னும் சிறிது நேரம் ஆடிக்கொண்டிருந்தன.