கப்பலில் ஓர் இடம்

என் மச்சாள் யசிந்தாவுக்குக் கோயில் காட்டுவதுதான் தொழில். காட்டுவது என்றால் வெள்ளைக்காரருக்கு. நாங்கள் பிறந்த நாள் தொட்டு முழங்காலில் நிற்கிற கோயிலுக்குள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, இங்கே பாருங்கள், அங்கே பாருங்கள் என்று இங்கிலீசில் சொல்லுவாள். ஹோட்டல்காரன் அதற்குச் சம்பளமும் கொடுத்தான். மாதாவைக் காட்டிப் பிழைக்கிறாள் என்று எங்கள் கரையில் சிலதுகள் வாயை வளைத்ததும் உண்டு. என் காதில் விழச் சொல்ல மாட்டார்கள். என் வாயைப் பற்றி ஊருக்குத் தெரியும்.

அவளுடைய அப்பா எங்கள் மாதா கோயில் சங்கிலித்தாம். மணி அடிப்பது, திரி கொளுத்துவது, சுருவங்களுக்குத் தூசு தட்டுவது எல்லாம் அவர்தான். அந்த மனுசனுக்குப் பின்னால் திரிந்தே கோயிலின் ஒவ்வொரு மரத்துண்டும் அவளுக்குப் பழக்கம். இங்கிலீசோ கன்னியாஸ்திரிமார் போட்ட பிச்சை. என் தம்பி யாகோப்பு அவளைக் கட்டுகிறபோது, “வலை இழுக்கிறவனுக்கு இங்கிலீசுக்காரி எதுக்கடா?” என்று நான்தான் கேட்டேன். பல்லைக் காட்டிக்கொண்டு போய்விட்டான், விசரன்.

எண்பத்து மூன்றுக்கு முதல் கிழமையில் ஒரு தரமாவது ஹோட்டல் வான் வரும். முதலில் நல்லூர்க் கந்தசாமி கோயில். அங்கே ஆம்பிளைகள் மேற்சட்டை கழற்றவேண்டும் அல்லவா? தொப்பையும் செம்பட்டை மயிருமாய் வெட்கப்பட்டு நிற்கிறவர்களைச் சிரிக்கவைத்து உள்ளே கூட்டிப்போவாளாம். பிறகு கோட்டைக்குள் ஒல்லாந்தர் கட்டிய கோயில். கடைசியாக எங்கள் மாதா. கூரையையும் பீடத்தையும் காட்டிவிட்டு மாதா சுருவத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். ஒரே மரத்தில் செதுக்கிய சுருவம். முகமும் கையும் மட்டும் யானைத் தந்தம். கோவாவிலிருந்து பாய்க்கப்பலில் வந்ததாகவும், ஒல்லாந்தருக்குப் பயந்து கிணற்றுக்குள் இறக்கி வைத்திருந்ததாகவும் எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

அதோடு எங்கள் முறையையும் சொல்லுவாள். மாதா கோயிற்படியைத் தாண்டித் தனியப் போவதில்லை. பெருநாளுக்குச் சோடித்த கூட்டில் வைத்துத் தெருவில் கொண்டுபோகிறபோது ஒருவர் கூட்டைப் பிடித்த கை விடாமல் கூடவே நடக்கவேண்டும். மாதா திரும்பி வந்து பீடத்தில் ஏறுமட்டும் கையை எடுக்கக்கூடாது. அது ஆர் என்றால், அந்த வருசம் எந்தக் குடும்பத்தின் முறையோ அந்தக் குடும்பத்து ஆள். கரையில் எத்தனை சண்டை இருந்தாலும் முறையில் ஆரும் கைவைத்ததில்லை. வெள்ளைக்காரர் அதைக் கேட்டு ஆவென்று நிற்பார்களாம். அவளுக்கும் அதைச் சொல்லுவதில் ஒரு பெருமை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு வானும் நின்றது, வெள்ளைக்காரரும் நின்றார்கள். யசிந்தா பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுத்தாள், கருவாடு காயப்போட்டாள். பிறகு சிசிலியா பிறந்தாள். பால் குடிக்கிறபோதே சொண்டு நீலம் பாரிக்கும். இருதயத்தில் ஓட்டையாம். கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டித் தைத்தால் பிழைக்கும், சுணங்கினால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். கொழும்புக்கு எந்த வழியால் போவது? ஒரு வழி திறந்தால் மற்ற வழி பூட்டு. இதற்குள் கடலுக்குப் போன என் தம்பி திரும்பி வரவில்லை. வள்ளத்தின் பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் கோயிலில் குண்டு விழுந்தது. கூரையில் பாதி போய்விட்டது. மாதாவுக்கு வலது கை விரல்கள் போயின, நெற்றியிலிருந்து கன்னம் வரை வெடிப்பு. அதற்குப் பிறகு பாருங்கள், பத்து வருசமாய் எட்டிப் பார்க்காத வெள்ளைக்காரர் திரும்ப வரத் தொடங்கினார்கள். நாலு பேர், ஐந்து பேராய்ச் செஞ்சிலுவைக் கப்பலில் வருவார்கள். பத்திரிகைக்காரர், உதவிக்காரர், ஏதோ ஊர்ச் சபைக்காரர். முழுக் கோயிலைப் பார்க்க வந்த இனம் இப்போது இடிந்த கோயிலைப் பார்க்க வந்தது. பங்குச் சுவாமி ஆள் அனுப்புவார். யசிந்தா முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடுவாள்.

எனக்கு அது பிடிக்கவேயில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“குண்டு விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னால், நீ ஏனடி மாதாவின்ரை கண்ணையும் மூக்கையும் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்?”

“ஓட்டையை அவையளே பாப்பினம், மச்சாள். மாதாவை நான் சொன்னால்தான் பாப்பினம்.”

காட்டி முடித்து வாசலுக்கு வந்ததும் சிசிலியாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவாள். டொக்டர் சொன்னதைச் சொல்லுவாள். அதற்காகத்தான் அவள் போனாள். எனக்குத் தெரியும். நோயாளிகளுக்கென்று கப்பலில் கொஞ்ச இடம் உண்டு. ஆனால் காலில்லாதவர்களும் வயிறு கிழிந்தவர்களும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறபோது இவளுக்கு எப்போது வரும்? சிசிலியாவுக்கு வெளியே காயமில்லை. வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் அவளின் தலையைத் தடவினார்கள், கண் கலங்கினார்கள், பார்க்கிறோம் என்றார்கள். போய்விட்டார்கள்.

தொண்ணூற்றைந்து தை மாதம் சண்டை நின்றது. சனம் ஆஸ்பத்திரி வீதியில் சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓடிய காலம் அது. அப்போது ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒரு மனுசி, வட்டக் கண்ணாடி போட்டவள், பழைய சுருவங்களைப் பற்றிப் படித்தவளாம். யசிந்தா சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் மாறிவிட்டது. ஏணி கேட்டு ஏறினாள். மாதாவின் கன்னத்தைத் தடவினாள். இறங்கி வந்து யசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். இந்தச் சுருவத்தைப் போல் இந்தத் தீவில் வேறொன்றைத் தான் கண்டதில்லை, மழையில் விட்டால் மரம் உளுத்துவிடும், கொழும்புக்குக் கொண்டுபோய்த் திருத்தவேண்டும், கப்பலில் இடம் எடுப்பது தன் பொறுப்பு என்றாளாம்.

இத்தனை நாளாய் ஒரு பிள்ளைக்கு இடமில்லாத கப்பல்!

யசிந்தா கெட்டிக்காரி. அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டாள். மாதா தனியப் போகக்கூடாது, எங்கள் ஆள் ஒன்று கூடப் போகவேண்டும் என்றாள். கண்ணாடிக்காரி யோசித்துவிட்டு ஓம் என்றாள். ஓர் ஆள். ஓர் இடம்.

அன்று வீட்டுக்கு வந்தவளின் முகத்தை நான் என்னவென்று சொல்ல? கலியாணத்தன்றுகூட அப்படி இருக்கவில்லை. கொழும்பில் அவள் தங்கச்சி துறைமுகத்தில் வந்து பிள்ளையை எடுப்பாள், கப்பலில் கண்ணாடிக்காரி பார்த்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டுவிட்டாள். சிசிலியாவுக்குச் சட்டை ஒன்று வெட்டித் தந்தாள், நான் தைத்தேன். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க வாங்க வீட்டைச் சுற்றிவந்தாள். “மாமி, கொழும்பிலை கடல் எந்தப் பக்கம்?” என்று என்னைக் கேட்டாள். எல்லாப் பக்கமும் என்றேன். எனக்கென்ன தெரியும்!

ஞாயிறு பூசைக்குப் பிறகு மாதாவை அனுப்புவது பற்றிப் பேசக் கரைச் சனம் எல்லாம் கோயிலில் கூடியது. எங்கள் சுவாமி காய்ச்சலோடு மானிப்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குப் பதிலாகப் பூசை வைக்க வந்த சுவாமியும் பூசை முடியப் போய்விட்டார். கண்ணாடிக்காரி முன்வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சனத்துக்கும் நடுவில் யசிந்தா. இங்கிலீசு தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான்.

மூப்பர் சிமியோன் எழும்பினார். கரைக்குப் பெரிய மனுசன், நாலு வள்ளத்துக்காரன்.

“மாதா போகட்டும். ஆனால் இந்த வருச முறை எங்கடை. என்ரை மகன் கனிசியஸ் கூடப் போவான்.”

கனிசியஸுக்கு இருபது வயது. தடிமாடு போல் இருப்பான். அந்த வயதுப் பெடியனை இங்கே வைத்திருக்க எந்தத் தகப்பனுக்குத்தான் பயமில்லை? அது எனக்கும் விளங்கும். ஆனாலும் பக்கத்தில் நீலச் சொண்டோடு நிற்கிற பிள்ளையை ஒருக்கால் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

“சிமியோன் அண்ணை, இது பெருநாள் இல்லையே,” என்றாள் யசிந்தா. “என்ரை பிள்ளை...”

“முறையைப் பற்றி ஊருலகமெல்லாம் சொல்லித் திரிஞ்சது நீதானே, பிள்ளை? படியைத் தாண்டினால் முறைகாரர் கூடப் போகவேணும் எண்டு வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தது ஆர்? இப்ப உனக்கு வந்தவுடனை முறை இல்லையோ?”

சனத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

“சிமியோன், உனக்கு நெஞ்சிலை ஈரமிருக்கோ? செத்துக்கொண்டிருக்கிற பிள்ளையின்ரை இடத்தையோ பிடுங்கிறாய்?”

“முறையிலை கைவைக்க நான் ஆர்? நீ ஆர்?” என்றார் அவர். நாலைந்து கிழங்கள் தலையாட்டின. என்னைப் பிடித்து இருத்தினார்கள்.

கண்ணாடிக்காரி, என்ன சொல்லுகிறார்கள் என்று யசிந்தாவைக் கேட்டாள். இந்தா, இப்போது ஒரு பொய். பிள்ளையை அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் ஆருக்குத் தெரியும்? நாளைக் காலமை கப்பல், ஆரை ஏற்றுவது என்பது கண்ணாடிக்காரியின் கையில். சுவாமி எழும்பி வருகிறபோது பிள்ளை கொழும்பில் படுத்திருப்பாள். யசிந்தா சிசிலியாவைப் பார்த்தாள். பிறகு மாதாவைப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

சிமியோன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள். ஒரு சொல் கூடக்குறையவில்லை. அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் காட்டி அழுதாள், இரண்டு பேருக்கு இடம் தரமாட்டீர்களா என்று கேட்டாளாம். கண்ணாடிக்காரியும் அழுதாள். ஓரிடம்தான் கேட்க முடிந்தது, ஆரைக் கொடுப்பது என்பது உங்கள் வழக்கம், அதில் நான் தலையிடுவது மரியாதையில்லை என்றாள். அடுத்த கப்பலுக்குக் கட்டாயம் பேசுகிறேன் என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் கத்திக்கொண்டு வந்தேன்.

“ஒரு சொல்லை மாத்தியிருந்தால் ஆருக்கடி தெரியும்? ஆருக்குத் தெரியும்?”

“மாதாவுக்குத் தெரியும், மச்சாள். நாளைக்குப் பிள்ளையை வெட்டுற மேசையிலை கிடத்தேக்கை நான் அவவைத்தானே கூப்பிடவேணும். அவவின்ரை முறையைக் களவெடுத்துக்கொண்டு எந்த முகத்தோடை கூப்பிடுறது?”

எனக்கு அவளை அடிக்கவேண்டும் போல் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் மாதாவைப் பஞ்சும் சாக்கும் சுற்றிப் பெட்டியில் அடைத்தார்கள். நல்ல தடித்த பஞ்சு, கடற்காற்றுப் படாமல் மேலே பொலித்தீன். கனிசியஸ் பெட்டியில் கைவைத்தபடி லொறியில் ஏறினான். சனம் மாதா பாட்டுப் பாடிற்று. யசிந்தாவும் பாடினாள், சண்டாளி. நான் பாடவில்லை.

அந்தக் கையை அவன் கொழும்புத் துறைமுகத்தில் எடுத்தான். வைகாசியில் கனடாவில் நின்று தாய்க்குப் படம் அனுப்பினான். மாதா கொழும்பில் எந்த அறையில் ஆரோடு இருக்கிறாவோ, நாங்கள் அறியோம். முறை, முறை என்று கத்திய சிமியோன் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை.

அடுத்த கப்பலுக்குக் கண்ணாடிக்காரி பேசினாளோ தெரியாது. சித்திரையில் திரும்பச் சண்டை தொடங்கிவிட்டது. கப்பல் எப்போது வரும் என்று ஆருக்கும் தெரியவில்லை. ஆனி மாதம் ஒரு பின்னேரம் சிசிலியா என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். யசிந்தா விசிறிக்கொண்டிருந்தாள். பிள்ளை இரண்டு தரம் விக்கினாள், அவ்வளவுதான். அந்தச் சட்டையோடேயே சேமக்காலையில் அடக்கம் செய்தோம். சிமியோனின் மனுசி பூ கொண்டு வந்தாள். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்.

ஆவணியில் சுவாமி திரும்பவும் ஆள் அனுப்பினார். எப்படியோ ஒரு கப்பல் பிடித்து நாலு வெள்ளைக்காரர் வந்திருக்கிறார்கள், கோயிலைக் காட்டவேண்டுமாம். போகாதே என்றேன். யசிந்தா முகத்தைக் கழுவினாள், சேலையை மாற்றினாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. விடாமல் பின்னாலேயே போனேன்.

கோயில் வாசலில் அவர்களுக்கு வணக்கம் சொன்னாள். உள்ளே போகவில்லை. வாருங்கள் என்று கையால் காட்டிவிட்டு, இடிந்த சுவரைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். அவர்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவாமியும் வந்தார். சேமக்காலைப் படலையைத் திறந்து, சிசிலியாவின் மணல்மேட்டுக்கு முன்னால் அவர்களை அரைவட்டமாய் நிறுத்தினாள். எந்தக் காலத்தது, ஆர் செய்தது என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரேயொரு வசனம்தான் சொன்னாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“என்ன சுவாமி சொல்லுறாள்?” என்று கேட்டேன்.

சுவாமி நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். “நீங்கள் கொண்டுபோகாமல் விட்டது இதுதான் எண்டு சொல்லுறா.”

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மற்றவர், படம் எடுக்கலாமா என்று சைகையால் கேட்டார். யசிந்தா ஓம் என்று தலையாட்டி, படத்தில் விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாள். பாவம், அவர்கள் வேறு ஆட்கள். முந்தி வந்தவர்களை அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.