கடைசி அடியில் வரும் பேர்

எங்கள் பக்கம் கானா பாடுகிறவர்கள் கடைசி அடியில் ஏரியா பேரையும், பாட்டைக் கட்டியவர் பேரையும் சேர்த்துப் பாடித்தான் முடிப்பார்கள். என் பாட்டில் இரண்டு பேர் வரும். வரிகள் என்னுடையவை. மெட்டு என் சிநேகிதனுடையது. அவன் கரையான்சாவடியில் ஆட்டோ ஓட்டுகிறான். சவாரி இல்லாத மத்தியானங்களில் மீட்டர் பெட்டியில் விரலால் தட்டித் தட்டி அவன் போட்ட மெட்டு அது.

பாட்டைப் போனில் பதிந்து நெட்டில் ஏற்றினோம். நாலு பேர் கேட்க ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாராவது எடுத்துத் தன்னுடையது என்று சொல்லிவிட்டால்? எட்டாவதோடு நின்றவன் பேச்சை யார் நம்புவார்கள்? காப்பிரைட் பதிவு செய்துவிடு என்று அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் என்கூட வேலை செய்கிறவர் சொன்னார். மறுநாளே காட்டுப்பாக்கத்தில் ஒரு நெட் சென்டருக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் ஃபாரத்தைத் திறந்து கேட்டாள். "எழுதினது, மெட்டு போட்டது ரெண்டும் நீங்கதானாண்ணா? வேற யாராவது இருந்தா அவங்க பேரும் போடணும். ஆட்சேபனை இல்லைன்னு அவங்க கையெழுத்தும் வேணும்."

சிநேகிதனிடம் கேட்டு, அவன் வேண்டாம் என்றுவிட்டால்? இரண்டு பேர் போட்டு, அதனாலேயே திருப்பி அனுப்பிவிட்டால்? எஸ்டேட்டில் எல்லாரிடமும் என் பாட்டு என்று வேறு சொல்லி வைத்திருந்தேன்.

"ரெண்டும் நான்தாம்மா."

ஏற்றுவதற்கு முன்னால் அவள் பாட்டை ஓடவிட்டுப் பார்த்தாள். "கடைசியில இன்னொரு பேர் வருதே, யாருண்ணா அது?"

"எங்க வாத்தியாரும்மா. தவறிட்டாரு. மரியாதைக்குப் பாடறது."

"ஐயோ" என்று சவுண்டைக் குறைத்தாள். எனக்கு முகம் சுட்டது.

காப்பிரைட் ஆபீஸில் ஒரு மாதம் யாராவது ஆட்சேபனை சொல்கிறார்களா என்று பார்ப்பார்களாம். அந்த மாதம் முழுக்க போன் அடித்தால் யார் நம்பர் என்று பார்த்த பிறகுதான் எடுத்தேன். பதிவு செய்வதை மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன்; அவனோ ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரிடமும், "நம்ம பாட்டு கவர்மெண்ட்ல ஏறுது மாமே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாங்கித் தந்த டீயை என்னால் முழுசாகக் குடிக்க முடியவில்லை.

பிறகு நெட் சென்டர் பெண் போனில் கூப்பிட்டாள். ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கிளம்பும்போது நல்ல மழை. அவன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறு மாமே, நான் இட்டுனு போறேன்."

"வேணாண்டா, பஸ்ல போயிக்கிறேன்."

"இன்னாடா புதுசா? நம்ம பாட்டுக்கு நான் வரக்கூடாதா?"

நெட் சென்டர் வாசலிலேயே நின்றுகொள்வான் என்று நினைத்தேன். தலையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனான். தன் பேரைச் சொல்லி, "பாட்டுல கடைசியா வரும்ல, அது நான்தாம்மா" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க... தவறிட்டதா சொன்னாங்களே."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமே, ஒரு மால கூட வாங்காம அனுப்ச்சிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. திரையை அவன் பக்கம் திருப்பினாள். வரிகள் என்ற இடத்திலும் என் பேர். இசை என்ற இடத்திலும் என் பேர். அவன் குனிந்து இரண்டு தடவை படித்தான்.

"என் பேர் வர்றதுக்கு இன்னாம்மா வோணும்?"

"உங்க கையெழுத்து மட்டும்தாண்ணா."

"அவ்ளோதானா?" என் பக்கம் திரும்பினான். "கேட்டிருந்தா போட்டிருப்பனே."

"பயந்துட்டேன்டா."

அவன் மறுபடி திரையைப் பார்த்தான்.

பழையதை ரத்து செய்யச் சொன்னேன். புதிதாக இரண்டு பேர் போட்டு அவள் எழுதினாள். அவன் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டான்.

அவன் ஆட்டோவில் எப்போதும் டிரைவர் சீட்டு ஓரத்தில் அவனை இடித்துக்கொண்டுதான் உட்காருவேன். அன்றைக்கும் காலை எடுத்து வைத்தேன்.

"பின்னாடி குந்து" என்றான், என்னைப் பார்க்காமல்.

சவாரி மாதிரி பின்னால் உட்கார்ந்தேன். கரையான்சாவடி வரைக்கும் அவன் விரல் மீட்டர் பெட்டி மேல் படவே இல்லை.