நாலு பொட்டு வைத்த எஞ்சின்

2006 நவம்பரில் நான் சென்னையிலிருந்து கொல்கத்தா போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சால்ட் லேக்கில் இருக்கும் மகள் போனில் ஒரு சேதி சொன்னாள். லேக் கார்டன்ஸ் பங்களாவில் என் வீட்டுக்காரர் டிரைவராகப் பதினெட்டு வருஷம் ஓட்டிப் பராமரித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், டாலிகஞ்சில் ஒரு ஷெட்டில் நிற்கிறதாம். புதிதாக வாங்கியவர் அதில் 'பழையபடி' ஆறு சிலிண்டர் எஞ்சின் மாட்டப் போகிறாராம்.

அன்றைக்கே டிக்கெட் எடுக்கச் சொன்னேன். 1993இல் பங்களா முதலாளி காரை விற்கப் பார்த்தார். பின்னால் வெள்ளி நிறத்தில் '6' என்று இருந்தது, உள்ளே நாலு சிலிண்டர்தான். அசல் ஆறு சிலிண்டர் எஞ்சினை இவர் கழற்றி விற்றுவிட்டார் என்று வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்த '6'ஐ பழைய கார் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் வாங்கி வந்து, பந்தாவுக்காக மாட்டச் சொன்னது முதலாளியின் மகன். அவன் வாயைத் திறக்கவில்லை. இவர் சாகும்வரை திருட்டுப் பட்டம் போகவில்லை. இப்போது ஆறு சிலிண்டரை மாட்டிவிட்டால் அந்தப் பொய் நிஜமாகிவிடும்.

ரயிலில் இருபத்தெட்டு மணி நேரம். மறுநாள் காலை எட்டரைக்கு சால்ட் லேக்கிலிருந்து எஸ்பிளனேடுக்கு பஸ், ஐம்பது நிமிஷம். அங்கிருந்து டாலிகஞ்சுக்கு மெட்ரோ, ஆறு ரூபாய். அலுவலக நேரத்தைத் தவிர்த்தால் உட்காரலாம். எனக்கு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள், நன்றாக இருக்கட்டும்.

ஷெட்டில் கார் மிஸ்திரி நிமாய் காரின் முன்தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். ஆறு சிலிண்டர் நீளமாம், தகட்டை அறுத்தால்தான் உள்ளே போகுமாம். வாங்கியவரும் இருந்தார். எனக்குத் தெரிந்த பெங்காலியில் நிறுத்தச் சொன்னேன்.

"சிலிண்டருக்கு ஒரு பிளக். ஆயுத பூஜைக்கு பிளக்குக்கு ஒண்ணா நான்தான் பொட்டு வைப்பேன். முதல் வருஷத்துலேர்ந்து நாலு பொட்டுதான்."

"பொட்டெல்லாம் சாட்சியா மாஷிமா?" என்று, பெரியம்மா முறை சொல்லி, வாங்கியவர் சிரித்தார்.

"அப்ப எஞ்சின் நம்பரைப் பாருங்க. கடைசி மூணு எண் நாலு, ஒண்ணு, ஏழு. எஞ்சின்லயும் இருக்கும், பானட்டுக்குள்ள கம்பெனி தகட்டுலயும் இருக்கும். துடைச்சவ நான்."

நிமாய் எஞ்சினை மண்ணெண்ணெயில் துடைத்தார். 417. பானட்டுக்குள் இருந்த தகட்டின்மேல் யாரோ பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார்கள், அதனால்தான் இதுவரை யாரும் ஒப்பிடவில்லை. சுரண்டினார். அங்கேயும் 417.

"கம்பெனி வெச்ச எஞ்சின்தான் இது, மாத்தவே இல்ல," என்றவர் தோள்துண்டால் சாக்பீஸ் கோட்டை அழித்தார்.

வாங்கியவர் என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். மாணிக்கம் என்றேன். கார் காகிதங்களோடு எழுதி வைத்துக்கொண்டார். அந்த '6'ஐக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பின்னால் ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். இரண்டு இடத்து நம்பரையும் துடைத்துப் பாருங்கள். கையில் கந்தல் துணி இருக்கட்டும்.

டாலிகஞ்சிலிருந்து லேக் கார்டன்ஸ் ஆட்டோவில் பத்து நிமிஷம். பழைய முதலாளி இறந்துவிட்டார், மகன் இன்னும் அந்தப் பங்களாவில்தான் இருக்கிறான். காவல்காரரிடம் '6'ஐக் கொடுத்து, மாணிக்கம் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லச் சொன்னேன். பதிலுக்கு நிற்கவில்லை. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன்.