நாலு நாள் முன்னாடி ஒரு ஹேப்பி பர்த்டே

போன வாரம் வியாழக்கிழமை ஒருவருக்குப் பிறந்த நாள் வாழ்த்துச் சொன்னேன். அதற்கப்புறம் நாலு நாள் எனக்குத் தூக்கமில்லை.

வாழ்த்துச் சொன்னால் தூக்கம் போகுமா? எனக்குப் போகும். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் வேலூர் பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி இறங்கியவள் நான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும்.

எங்கள் வீட்டு மாடியில் ஹெல்கா என்ற ஜெர்மன்கார அம்மா குடியிருக்கிறார். மூன்று வருடமாக, அவர் ஊரில் குளிர் ஆரம்பித்தால் இங்கே வந்துவிடுவார். என்னைவிட ஆறு வயது பெரியவர். ஆனால் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். கீரைக்காரம்மா அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று முடிவு செய்துவிட்டார்.

வெளிநாட்டுக்காரர்களைக் குடிவைத்தால் போலீசுக்கு விவரம் கொடுக்க வேண்டும். அதற்காக வாங்கிய பாஸ்போர்ட் ஜெராக்ஸ் என் நகை டப்பாவில் இருக்கிறது. (யாராவது அதை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விட்டால்?) அதில்தான் பார்த்தேன்... இந்த மாசியோடு அவருக்கு அறுபது முடிகிறது.

அறுபது! நம் ஊரில் என்றால் மாலை என்ன, மேளம் என்ன! இவருக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் கனடாவில். கடல் தாண்டி வந்த இடத்தில், ஒண்டியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டா அறுபதைத் தாண்டுவார்?

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். போன வருடம் முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "அக்கா, அறுபது பர்த்டே, நான் மலை சுத்துறேன். ஃபுல்லு. பதினாலு கிலோமீட்டர்" என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் தெருமுனை வரை நடந்து பழகினார்.

தேதிப்படி பிறந்த நாள் திங்கட்கிழமை. ஆனால் எட்டாவதோடு நின்ற எனக்கு நட்சத்திரம்தான் நிஜம். ஜோசியரிடம் ஜெராக்ஸைக் காட்டினேன். சுவாதி என்றார். அது வியாழக்கிழமையே வந்துவிட்டது.

காலையில் முதல் ஆளாகக் கோயிலில் நின்றேன்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"ஹெல்கா."

"என்னது?"

"ஹெல்கா. ஜெர்மனி. சுவாதி நட்சத்திரம்."

நிமிர்ந்து பார்த்தார். "கோத்திரம்?"

நான் பையிலிருந்த ஜெராக்ஸை எடுத்துத் தேடினேன்.

"தெரியலன்னா சிவ கோத்திரம்னு சொல்லிடறேம்மா."

ஒரு நிமிடத்தில் ஜெர்மனி சிவ கோத்திரமாகிவிட்டது. விபூதி, தேங்காய் மூடி, வீட்டில் கிளறிய கேசரி எல்லாவற்றோடும் மாடியேறி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "ஹேப்பி பர்த்டே ஹெல்காம்மா!"

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"நோ நோ நோ! இன்னிக்கி இல்ல அக்கா! மண்டே!"

"உங்க நட்சத்திரம் இன்னிக்குத்தாம்மா!"

"முன்னாடி சொல்லக் கூடாது! எங்க ஊர்ல ரொம்ப தப்பு. பேட் லக்!" என்று மர மேஜையை மூன்று முறை தட்டினார். மரத்தைத் தட்டினால் கெட்டது அண்டாதாம்.

அத்தனை அருமையாகக் கார் செய்கிற நாட்டில் இதெல்லாம் இருக்குமா? இருக்கிறதாம்.

கொஞ்ச நேரத்தில் அவரே சிரித்துவிட்டார். "சும்மா அக்கா. ஓல்டு பீப்பிள் பேச்சு" என்று கேசரியை எடுத்தார். ஆனால் இடது கை மட்டும் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். போதாதா?

நல்லது செய்யப் போய், ஆபரேஷன் செய்த முட்டிக்கு நானே வினை வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வரை அந்த முட்டிக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன்.

முதலில், அவர் படியிறங்கத் தடை. பால், தண்ணீர் கேன், காய்கறி எல்லாம் நானே மேலே கொண்டுபோனேன். பதினேழு படி. குரங்கு வந்து மேலே விழுந்தால்? மொட்டை மாடியில் குச்சியோடு உட்கார்ந்தேன். வாழைப்பழத் தோல் வழுக்கினால்? வாழைப்பழமே வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னார். "இப்டியே ஏறி எறங்கு. அவங்க முட்டி நல்லாத்தான் இருக்கும். உன் காலுதான் போவப் போவுது."

"வாய மூடுங்க! நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லாதீங்க!"

சொல்லிவிட்டாரே... ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலி டம்ளரோடு இறங்கியபோது கடைசிப் படி என்று நினைத்தது கடைசிக்கு முந்தின படி. டம்ளர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கணுக்கால் வீங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஹெல்கா மேலேயிருந்து ஓடி வருகிறார். இரண்டிரண்டு படியாக! தரையில் கிடந்தபடியே நான் கத்தினேன். "ஓடாதீங்க! முட்டி! முட்டி!"

அவர் ஐஸ் வைத்து, துணி சுற்றி, தூக்கி உட்கார வைத்தார். அந்த முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை. கூடப் போகலாம் என்றிருந்த நான் ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஹெல்கா வெறுங்காலோடு கிளம்பினார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரரை மொபெட்டில் அனுப்பினேன். நடக்கிற வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று கட்டளை.

எங்கள் ஊர் மலையைச் சுற்றி எட்டு லிங்கம். ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு போன்.

"எங்க இருக்கீங்க?"

"யம லிங்கம்."

"அந்தப் பேர ஏன் காலங்காத்தால சொல்றீங்க!"

"பின்ன வேற என்ன பேரு சொல்றது? போர்டுல அதான் போட்டிருக்கான்."

அடுத்த போன். "அடி அண்ணாமலை. டீ குடிக்கிறோம்."

"அவங்க முட்டி?"

"நல்லாருக்குது. எனக்குத்தான் இடுப்பு போச்சு. இந்த ஸ்பீடுல வண்டி ஓட்டுனா யாருக்குத்தான் போவாது?"

குபேர லிங்கம் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அடித்தால், போன் போகவில்லை. இரண்டு முறை, மூன்று முறை, ஏழு முறை. நான் அழ ஆரம்பித்தபோது கேட் சத்தம் கேட்டது.

முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, நெற்றியெல்லாம் விபூதியோடு ஹெல்கா நிற்கிறார். பதினாலு கிலோமீட்டர். ஃபுல்லு. பின்னால் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, அவரைவிடக் களைத்துப்போய் என் வீட்டுக்காரர். போனில் சார்ஜ் தீர்ந்ததாம்.

எனக்கு வாயைத் திறக்கவே பயம்.

"அக்கா, இப்போ சொல்லுங்க" என்றார் ஹெல்கா.

முதலில் நாள்காட்டியைப் பார்த்தேன். திங்கள்தான். அப்புறம்தான் சொன்னேன். அவர் கண் கலங்கியது. நான் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தேன், அதனால் கணக்கில் வராது.

"உங்க பர்த்டே எப்போ அக்கா?"

"ஆடி மாசம். கேட்டை நட்சத்திரம்."

"டேட்?"

டேட்? ஆதாரில் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் அவர் இஷ்டத்துக்குப் போட்டது. நிஜம் யாருக்குத் தெரியும்? இதுவரை யாரும் எனக்கு வாழ்த்துச் சொன்னதுமில்லை, நான் எதிர்பார்த்ததுமில்லை.

ஹெல்கா யோசித்தார். "நட்சத்திரம் எனக்குத் தெரியாது. டேட் உங்களுக்குத் தெரியாது. அப்போ எந்த நாளும் முன்னாடி இல்ல."

மறுநாள் காலை மாடியிலிருந்து ஒரு குரல். "அக்கா! ஹேப்பி பர்த்டே!"

அதற்கு மறுநாளும். இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கிற இன்றைக்கும்.

கேட்கக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருக்கும் கதவை மூன்று முறை தட்டிக்கொள்கிறேன்... எதற்கும் இருக்கட்டும்!