நன்றியுரைக்கு ஒரு ஆள்

கிளிநொச்சியில் சிறுபான்மையினரின் உரிமை பற்றி எந்த மண்டபத்தில் கூட்டம் நடந்தாலும் எனக்கு ஒரு கதிரை நிச்சயம். நான் மலையகத் தமிழ், பெண், குடியேற்றக் கொலனியில் இருக்கிற முன்பள்ளி ஆசிரியை. என்னை ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்று கட்டத்தில் சரி போட்டுவிடலாம். கூப்பிடுகிறவர்களுக்கு அது லாபம், எனக்குப் பகல் சாப்பாடு லாபம். அந்தச் சாப்பாட்டுக்குத் தவிர நான் அங்கே வாயைத் திறக்க வேண்டி வந்ததில்லை.

அந்த முறை மட்டும் எனக்கே ஒரு தேவை இருந்தது. எங்கள் கொலனியின் வாக்களிப்பு நிலையம் எப்போதும் என்னுடைய முன்பள்ளிதான். அந்தக் கூட்டத்துக்கு முன் நடந்த தேர்தலில் அதை வாய்க்காலுக்கு அப்பால், உடைந்த மதகையும் தாண்டி, தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். முன்பள்ளியில் வசதி காணாதாம். விசாரித்துப் பார்த்தால், அதற்கு முந்திய தேர்தலில் வந்த அதிகாரிகள் பகல் முழுக்கக் குழந்தைகளின் கதிரையில் குந்தியிருந்து முழங்கால் பிடித்துக்கொண்டதுதான் விஷயம். அவர்களுடைய முழங்காலுக்காக எங்கள் சனம் நடக்க வேண்டியதாயிற்று. கூலி வேலைக்காரர் பலர் நடக்கவில்லை, வேலைக்கே போய்விட்டார்கள். கால் ஏலாத என் அம்மா வாசலிலேயே இருந்தார்.

அம்மாவுக்கு வாக்கு என்பது மற்றவர்களுக்கு இருப்பதுபோல இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்து, கலவரத்தில் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, நாற்று நட்டு, பிள்ளைகளும் பெற்றுத் தலை நரைத்த பிறகுதான் இந்த நாடு குடியுரிமை கொடுத்து அவரைத் தன்னுடைய ஆள் என்று ஒத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நிலையம் மாறும்வரை அவர் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. கோயிலுக்குக்கூடக் கட்டாத சேலையை அதற்கென்று கட்டிக்கொண்டு போவார். யாருக்குப் புள்ளடி போட்டார் என்று எனக்கும் சொல்ல மாட்டார். நிலையத்தை மாற்றிய முறை அந்தச் சேலையோடு, ஓட்டோ அனுப்புகிறோம் என்று யாரோ சொன்னதை நம்பிப் பின்னேரம்வரை வாசலில் இருந்தார். வாக்களிப்பு முடிந்தது என்று தெரிந்ததும் எழும்பிப் போய், சேலையை மடித்து அலுமாரியில் வைத்தார். எரிச்சல் எனக்குத்தான்.

அந்த எரிச்சலோடுதான் அந்த முறை கூப்பிட்ட செயலமர்வுக்குப் போனேன். சிறுபான்மை வாக்காளருக்கு நியாயமான பிரதிநிதித்துவம் கிடைக்கிறதா என்று ஆராய்ச்சி செய்த தம்பி ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். கெட்டிக்காரர், பாவம். குத்துவிளக்கு, ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்து அவருடைய ஆராய்ச்சிக்கு முறை வந்தபோது தேத்தண்ணியும் வந்துவிட்டது. பேசிய பெரியவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக் குமுறினார்கள். இந்த நாட்டில் பெரும்பான்மை எங்கள் குரலைக் கேட்பதேயில்லை என்றார்கள். நானும் கை தட்டினேன், உண்மைதானே.

பிறகு எங்களைக் குழு குழுவாகப் பிரித்து, சிறுபான்மையின் குரல் மேலே போவதற்குத் தடை எது என்று கலந்து பேசச் சொன்னார்கள். என் குழுவில் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருந்தார். மிச்சப் பேர் அவரிடம் படித்தவர்கள். நான் வாக்களிப்பு நிலையத்தின் கதையைச் சொன்னேன். மிக நல்ல கருத்து என்றார் அதிபர். ஆனால் அது உள்ளூர்ப் பிரச்சினை, நாங்கள் பொதுவாக எழுதுவோம் என்றார். மேடையில் பேச ஒரு ஆளைக் கை உயர்த்தித் தெரிவு செய்தோம். அதிபருக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. அவருடைய கையும் உயர்ந்தது, பழக்கதோஷத்தில் என்னுடையதும் உயர்ந்தது. எங்கள் குரலுக்குத் தடை எது என்று அவர் மேடையில் நெடுநேரம் பேசினார்.

கறி மணக்கத் தொடங்கியபோதுதான் ஏற்பாட்டுக்காரப் பிள்ளை ஓடி வந்தாள். நன்றியுரை சொல்ல இருந்தவர் வரவில்லையாம்.

"டீச்சர், நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. பொம்பிளையளும் பேசின மாதிரி இருக்கும்."

பசி வந்திடப் பத்தும் பறந்துபோம் என்பார்கள், நன்றியுரை எந்த மூலைக்கு என்று நினைத்துக்கொண்டுதான் மைக்கைப் பிடித்தேன். ஆனால் நாலைந்து பேரைச் சொன்னதும் ஒன்று பிடிபட்டது. பேர் வந்தவர் ஆறுதலாக எழும்பிச் சாப்பாட்டுப் பக்கம் போகிறார். வராதவர் அசைவதேயில்லை. தன் பேர் விடுபட்டுவிடுமோ என்று பெரிய மனிதருக்கு வருகிற பயம் பசியைவிடப் பொல்லாதது. முன்வரிசையில் எங்கள் பகுதித் தேர்தல் வேலைக்குப் பொறுப்பான அதிகாரி இருந்தார். அவருடைய பேரைப் பின்னுக்குத் தள்ளினேன். மண்டபத்துக்காரருக்கு நன்றி, சமையல்காரருக்கு நன்றி, குத்துவிளக்குத் தந்த கோயிலுக்கு நன்றி. அதிபருக்கும் நன்றி சொன்னேன், அவரும் போனார். கடைசியில் முன்வரிசையில் அதிகாரி மட்டும் தனியே இருந்தார். மற்றவர்கள் தட்டோடு நின்று பார்த்தார்கள்.

"அடுத்ததாக" என்றேன். அவர் சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்கட அம்மாவுக்கு நன்றி. கால் ஏலாமல், கட்டின சேலையோட பின்னேரமட்டும் வாசல்ல இருந்திட்டு, வோட்டுப் போடாமலே சேலையை மடிச்சு வச்சவா. எங்கட முன்பள்ளியில கதிரை சின்னன் எண்டுதான் நிலையத்தை மாத்தினவை. பெரிய கதிரைதான் வேணுமெண்டால் நாங்கள் தலையில காவிக்கொண்டு வந்து போடுறம். அந்த நிலையத்தைத் திருப்பித் தரப்போற ஐயாவுக்கு எங்கட கொலனியின்ர நன்றி."

அதற்குப் பிறகுதான் அவருடைய பேரைச் சொன்னேன், பதவியோடும் பட்டத்தோடும். தட்டு வைத்திருந்தவர்களால் கை தட்ட முடியவில்லை. ஆராய்ச்சித் தம்பி மட்டும் தட்டினார். அதிகாரி சிரித்தார். நன்றியை வாங்கிக்கொண்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த தேர்தலுக்கு நிலையம் முன்பள்ளிக்கே வந்தது. சொன்னபடி கதிரைகளைக் காவிக்கொண்டு வந்து போட்டோம். அம்மா அலுமாரியிலிருந்த சேலையைக் கட்டிக்கொண்டு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். வெளியே வந்து மை பூசிய சின்னிவிரலைக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தத் தேர்தலில் பிரதேச சபைக்கு நின்று வென்றது, என் குழுவில் இருந்த அந்த அதிபர்தான். எங்கள் வட்டாரத்தில் கொலனி ஒரு மூலை, மிச்சமெல்லாம் அவரிடம் படித்தவர்கள். போன கிழமை அவருக்குப் பாராட்டு விழா என்று ஆள் வந்தது. கொலனிக்கும் இடம் கொடுக்க வேண்டுமாம், அதனால் நன்றியுரை எனக்காம். வாக்குப் போட்ட பிறகும் எங்களுக்கு நன்றியுரைதானா என்று கோபம் வந்தது. போக மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் வாசலில் இருந்து, இன்னமும் உடைந்தபடி கிடக்கிற மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா" என்றார், விட்டுப்போகாத தன் தோட்டத்துத் தமிழில். "அவரு பேர மட்டும் கடைசியில வையி."