கனெக்டிகட் ஐயாவும் எங்கள் கல்யாணப் பதிவும்

எனக்காக ஜெபித்த சகோதர சகோதரிகளே, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்த காலம். நோர்வேயில், ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதி வீட்டில் நான் தனியாக இருந்தேன். என் கணவர் ஜெயம் கொழும்பில். எங்கள் கல்யாணத்துக்கு அத்தாட்சி இல்லையென்று அவருடைய விசாவை இரண்டாவது தடவையும் மறுத்துவிட்டார்கள். சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆங்கிலிக்கன் கோவில் பதிவேட்டோடு சேர்ந்து எரிந்துபோனது.

ஒருநாள் தொலைபேசியில் அவர், "ராணி, என்ரை முகம் உமக்கு ஞாபகம் இருக்கே?" என்றார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ" என்று ஏசிவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன். அவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் என் ஜெபம்.

ஒஸ்லோவில் நான் போன ஆராதனை ஆங்கிலத்தில். அங்கே ஓர் அமெரிக்க ராஜதந்திரி வருவார். கனெக்டிகட் மாநிலத்துக்காரர். அங்கே எங்கள் சபைக்கு எபிஸ்கோப்பல் என்று பேர். முன்பு மாநிலச் சட்டசபையில் இருந்தவராம். விடுவேனா? பெரிய இடத்து மனுஷன், ஒரு சொல் சொன்னால் விசா வந்துவிடும் என்று நினைத்து, ஆறு ஞாயிறு தொடர்ந்து அவருக்கு இறைச்சி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். கர்த்தரை விட அவரைத்தான் நம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏழாம் ஞாயிறு கேட்டேன். நோர்வே விசாவில் தலையிடத் தனக்கு அதிகாரமே இல்லை என்றார். இருவரும் முழங்காலிட்டு ஜெபித்தோம். எழும்பும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. தன் மாநிலத்தில் குருவானவர் கல்யாணம் செய்துவைத்தால் ஊர்ப் பதிவகத்துக்கும் ஒரு பத்திரம் போகவேண்டும், சட்டசபையில் தான் பார்த்த விஷயம் அது, கோவில் எரிந்தாலும் பத்திரம் இருக்கும் என்றார். உங்கள் குருவானவரும் அரசாங்கத்துக்குப் பிரதி அனுப்பியிருப்பாரே என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். எங்களுக்குக் கல்யாணம் என்றால் கோவில் ஏடுதான். வேறெங்கும் தேட வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. அன்றே ஜெயத்துக்குச் சொன்னேன். இரண்டு கிழமையில் கொழும்புப் பதிவகத்தில் இருந்து அழைத்தார்.

"ரெண்டு பேரின்ரை கையெழுத்தும் கிடக்குதப்பா!" என்று கத்தினார்.

மூன்றாம் விண்ணப்பம் சரிவந்தது. விமான நிலையத்தில் தலை நரைத்த ஒருவர் என் கையைப் பிடித்து, "குளிருது, வாரும், வீட்டை போவம்" என்றார். அவர் ஒருநாளும் பார்த்திராத வீடு!

இன்றும் விடிந்ததும் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதுகொடுத்துப் பார்த்த பிறகுதான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். கடலுக்கு அப்பால் ஒருவரை விட்டுவிட்டு இங்கே காத்திருப்பவர்களே, வாருங்கள், என் பக்கத்தில் முழங்காலிடுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம்.