வெள்ளை வேட்டியில் டெம்ப்ரனில்லோ

நஞ்சுண்டனுக்கு டெக்சஸ் மேட்டுச் சமவெளியில் சொந்தமாகத் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் உண்டு. ஒயின் குடிக்கத்தான் வராது. விஷத்தையே விழுங்கிய சாமியின் பெயரை வைத்துக்கொண்டிருந்தும் ஒரு சொட்டு அவர் தொண்டையைத் தாண்டாது. கொள்கை, விரதம் ஒன்றுமில்லை. நாக்கில் பட்டால் குமட்டும், அவ்வளவுதான். இருமல் மருந்துக்கே கண்ணை இறுக மூடிக்கொள்கிற மனுஷர்.

அவிநாசிப் பக்கத்துக்காரர். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரங்களுக்கு எஞ்சினியராக லப்பக் நகரத்துக்கு வந்தவர், ஆசைக்குக் கொஞ்சம் பருத்தி நிலம் வாங்கிப்போட்டார். கிணற்றில் தண்ணீர் குறைந்தது. பக்கத்து நிலத்துக்காரர் பருத்தியை விட்டுத் திராட்சை வைக்க, இவரும் வைத்தார். கடல் மட்டத்துக்கு மேலே மூவாயிரம் அடிக்கும் அதிகமான உயரம். பகல் வெயில் பழத்துக்கு இனிப்பைக் கொடுக்கும், ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். ஆனால் தரை தோசைக்கல் மாதிரித் தட்டை. உயரமான இடத்து ஒயின் என்ற போர்டைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள், மலை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். நிற்கிற இடமே மலைதான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கொடி, டிராக்டர், ஆலங்கட்டி மழைக்கு வலை எல்லாம் அவர் பொறுப்பு. ஒயின் முழுக்க மனைவி கலாவதி. கோயம்புத்தூரில் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, வந்த ஊரில் வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவள், காலேஜில் ஒயின் பாடம் சேர்ந்து படித்தாள். அவள் நாக்கு சொன்னால்தான் எந்தப் பீப்பாயும் பாட்டிலுக்குப் போகும். வார நாட்களில் ஐ.டி. வேலை பார்க்கும் மகள் வான்மதி, சனி ஞாயிறுகளில் வந்து விருந்தாளிகளுக்கு ஊற்றிக்கொடுப்பாள். ஐந்து மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் பிளானோ நகரத்துச் சொந்தக்காரர்களிடம் மட்டும் “திராட்சைத் தோட்டம் வெச்சிருக்கோம்” என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஜூஸா என்று கேட்டால், அந்த மாதிரிதான்.

அந்த ஆவணியில் கலாவதியின் சித்தி மகன் வேலுமணி பிளானோவில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். அறுவடை உச்சத்தில் இருந்தது. அம்மாவும் மகளும் முந்தின நாளே கிளம்பிப் போய்விட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் என்ற முறையில் சீர்த்தட்டு தூக்க வேண்டிய நஞ்சுண்டன், விடியும் முன்பே குளித்து, வெள்ளை வேட்டி சட்டையோடு கார் சாவியை எடுத்தார். போன் அடித்தது.

“ஏனுங்க, கெளம்பிட்டீங்களா? மூணாம் டாங்க்க ஒருக்கா பம்ப் பண்ணிட்டு வந்துருங்க. மேல மிதக்கற தோலு காஞ்சிருமுங்க.”

அடியிலிருக்கும் சாற்றை ஹோஸ் வழியாக எடுத்து மேலே தெளிக்கிற வேலை. தினமும் பார்க்கிற வேலைதானே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்ப்பைப் போட்டார். ஹோஸின் கிளாம்ப் கழன்றது. பாதி புளித்துப் பொங்கியிருந்த டெம்ப்ரனில்லோ, அந்தக் கருஞ்சிவப்புத் திராட்சை ரகத்தின் மொத்த ஆவேசத்தோடு அவரை உச்சி முதல் பாதம் வரை நனைத்தது.

மாற்று வேட்டி கலாவதியின் பெட்டியில் பிளானோ போயிருந்தது. குழாயில் அலசினார். வெள்ளை கத்திரிக்காய் நிறத்துக்கு வந்து நின்றது. வேறு உடை தேட நேரமில்லை. போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஈரத்தோடே ஏறி, எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டினார்.

அவசரத்தில் வேகம் கூடிவிட்டது போல, பாதி வழியில் பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. ஜன்னலில் குனிந்த போலீஸ்காரர் மூக்கைச் சுளித்தார். இன்று எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டார்.

“ஒன்றும் இல்லை. எனக்குச் சொந்தமாக ஒயின் ஆலை இருக்கிறது. ஆனால் நான் குடிப்பதில்லை,” என்று தன் ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னார் நஞ்சுண்டன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே உறைத்தது.

இறங்கிக் கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். ஃப்ரீவே ஓரத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, லாரிகள் கிளப்பிய காற்றில் அடிமேல் அடி வைத்து நடந்தார். மது வாடை காட்டும் கருவியில் ஊதச் சொன்னார். பூஜ்ஜியம். கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் ஊதச் சொன்னார் போலீஸ்காரர். மறுபடியும் பூஜ்ஜியம்.

“இருபது வருஷமாக இந்த ரோட்டில் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். உண்மையான கதை இதுதான் முதல்,” என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

பிளானோவில் வாசலிலேயே வான்மதி எதிரே வந்தாள். “அப்பா, ஓ மை காட், யூ ஸ்மெல் லைக் எ பார்!”

“பொட்டி எங்கடா கண்ணு?”

“ஹோட்டல் ரூம்ல.”

அதற்குள் வேலுமணி பார்த்துவிட்டான். “மாமா வந்துட்டாருங்க!” என்று ஓடிவந்தவன், கட்டிப்பிடிக்கப் போன கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டான். ஹாலில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. நஞ்சுண்டன் ஓரமாகப் போய் உட்கார, கம்பளத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து அவரைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது. பக்கத்து வீட்டு வாஞ்சிநாதன், அந்தத் தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் முன்னின்று நடத்துகிறவர், குனிந்து காதில் சொன்னார்: “சார், நெருப்புக்குக் கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ. எதுக்கு ரிஸ்க்?”

அதே தெருவில் இருக்கும் ஷ்யாமளா ஆன்ட்டி ஒரு பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினார். “குடிங்க, தெளிஞ்சிடும். எங்க அக்கா ஹஸ்பண்டுக்கும் இப்படித்தான்.”

“இல்லீங்க, ஹோஸு கழண்டு...”

“தெரியும், தெரியும். குடிங்க.”

நஞ்சுண்டன் மோரைக் குடித்தார். மறுத்தால் இன்னும் மோசமாகும் என்று தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது. அதையும் போதை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பால் பொங்கிய பாத்திரத்தோடு கலாவதி சமையலறையிலிருந்து வந்தாள். காலி வட்டத்தையும், நடுவில் கத்திரிக்காய் நிறத்தில் உட்கார்ந்திருந்த கணவனையும், அந்த டம்ளரையும் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அவரு குடிக்கவே மாட்டாருங்க,” என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “நாங்க ஒயின்தான் பண்றோம். ஆனா அவரு வாயில ஒரு சொட்டு வெச்சதில்ல. குடிக்கறது நானுங்க.”

மந்திரம் நின்றது. ஹோமப் புகை மேலே போய் ஸ்மோக் அலாரத்தைத் தொட்டது. வீடு முழுக்க எல்லா அலாரமும் ஒன்றாக அலற, வேலுமணி ஸ்டூலைத் தேடி ஓட, ஆளுக்கொரு தாம்பாளத்தை எடுத்து விசிறத் தொடங்கினார்கள். மானம் போனதா வந்ததா என்று நஞ்சுண்டனுக்குப் புரியவில்லை. அவளைப் பார்த்தார். அவளும் விசிறிக்கொண்டிருந்தாள், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சாப்பாட்டுப் பந்தியில் கலாவதியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். “தெனமும் டேஸ்ட் பண்ணணுமா? ஜாப்பே அதுவா?” என்று ஷ்யாமளா ஆன்ட்டி கேட்ட குரலில் பொறாமை மாதிரி ஏதோ இருந்தது. புரட்டாசி கழிந்ததும் ஒரு வேன் நிறையப் பெண்கள் லப்பக் வந்து இறங்கினார்கள். திராட்சை பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள். கொடிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. சாயங்காலம் வான்மதி வேனில் ஒயினைப் பெட்டி பெட்டியாக ஏற்றினாள்.

வேனை ஓட்டிவந்த வாஞ்சிநாதன் மட்டும் நஞ்சுண்டனைத் தனியாக டிராக்டர் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

“சார், ஒய்ஃப் உங்களக் காப்பாத்தத்தான் அன்னிக்கு அப்படிச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். எப்பேர்ப்பட்ட மனசு! நீங்க ட்ரை பண்ணா குடிய விட்டுடலாம் சார்.”

நஞ்சுண்டன் வாயைத் திறந்தார். போலீஸ்காரரின் கருவி, மோர், ஹோஸ், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அலுப்பாக இருந்தது.

“சரிங்க,” என்றார். “இன்னைக்கே விட்டர்றனுங்க.”

வாஞ்சிநாதன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரே பேச்சில் ஒரு குடிகாரனைத் திருத்திய கதையை இப்போது பிளானோவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் சொல்கிறார். பக்கத்தில் இருந்தால் நஞ்சுண்டனும் தலையாட்டுகிறார்.